வசனத் தெளிவு: திருப்தி

எங்கள் வீட்டில் ஒரு சினிமா ஓட வேண்டுமென்றால் அதற்கு முன் இருபத்தைந்து நிமிடம் சோதனை நடக்கும். படம் நேராக விழுகிறதா என்று திரையின் நான்கு ஓரங்களையும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளப்பேன். கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஐந்து ஸ்பீக்கர்களிலும் தனித்தனியாகச் சத்தம் விட்டு, ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டுக் காதைக் கொடுப்பேன். இத்தனையும் முடிந்து நான் தலையாட்டிய பிறகுதான் படம். அதற்குள் என் மனைவி கொண்டுவந்த வறுகடலை தீர்ந்துபோயிருக்கும்.

“படம் ரெண்டு நூல் சாஞ்சிருந்தா கதையும் சாஞ்சு போயிருங்களா?” என்று ஒருமுறை கேட்டாள். அதற்கு நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். அதன் பிறகு அவள் அந்த மாதிரிக் கேள்வி எதுவும் கேட்டதில்லை.

இதில் என் குற்றம் பாதிதான், மீதி என் உத்தியோகத்தின் குற்றம். குன்னூர்ப் பக்கம் ஒரு அரசாங்க ஆலையில் முப்பத்து மூன்று வருடம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், மற்றவர்கள் செய்து கொண்டுவருவதைப் பார்த்து “இது ஆகாது” என்று சொல்வது. அந்தப் பிரிவில் ஒரு விதி உண்டு. காலையில் வந்ததும் முதலில் பொருளை அளக்கக் கூடாது. அளக்கிற கருவியை அளக்க வேண்டும். கேஜ் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கருவியை, பீரோவில் பூட்டிவைத்திருக்கும் மாஸ்டர் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடலாம். கேஜ் தப்பாக இருந்தால் நல்லதெல்லாம் ரிஜெக்ட் ஆகும், உதவாததெல்லாம் பாஸ் ஆகும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். கொஞ்சம் குரலை உயர்த்தியே சொல்லிக்கொடுப்பேன். இதை இங்கே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. அந்த இடம் வரும்போது நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

என் கர்வம் முழுக்க என் காதில் இருந்தது. லேத் மெஷின் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வேன். இரண்டு முறை சரியாகச் சொன்னேன். மூன்றாவது முறை தப்பாகச் சொன்னேன், ஆனால் அதற்குள் பெயர் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கூட என்னைப் பார்த்தால் ஒழுங்காக ஓடும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஜெகதளாவில் எங்கள் வீட்டுக்கு மேலே மேடு, அதற்கு மேலே பனிமூட்டம். சிக்னல் வழி தவறித்தான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் ஆரம்பித்ததும் நான் தகரக் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவேன். கீழே இருந்து அவள் கத்துவாள். “வந்துருச்சுங்க! வந்துருச்சுங்க! ஐயோ, போயிருச்சுங்க!” நான் இறங்கி வந்ததும் படம் மறுபடியும் போய்விடும், திரும்ப ஏறுவேன். அந்தக் காலத்தில் நான் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதிப் படம் கூரைமேல்தான். இறங்கி வந்து நனைந்த தலையைத் துவட்டும்போது, விட்டுப்போன கதையை அவள் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே காப்பி குடிப்பேன். திரையில் பார்த்தால் கொசு மொய்த்த மாதிரி ஏதோ அசையும், அவ்வளவுதான். அந்தக் கொசுக் கூட்டத்துக்குள் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. ஒருநாள் நல்ல படமும் நல்ல சத்தமும் என் வீட்டில் வரும், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முழுப்படம் பார்ப்போம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அது என் ஆசை. இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் அந்த ஆசையைக் கையிலெடுத்தேன். அப்பா சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வந்து உருளைக்கிழங்கு வியாபாரம் செய்தவர். வீட்டோடு ஒட்டி ஒரு கிழங்கு ரூம் கட்டியிருந்தார். ஒரே ஒரு ஜன்னல், இருட்டு, கொஞ்சம் மண்வாசனை. அதில் திரை கட்டி, புரொஜெக்டர் மாட்டி, ஸ்பீக்கர்களை மூலைக்கு மூலை நிறுத்தினேன். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி.

மலையில் ஈரம்தான் முதல் எதிரி. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, படம் இல்லாத நாட்களில் புரொஜெக்டரைக் கழற்றி, பீரோவில் வைத்து, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டேன். அந்த இடத்தில் முன்பு என் மனைவியின் பட்டுப்புடவைகள் இருந்தன. அவை டிரங்குப் பெட்டிக்குப் போயின. அடுத்த ஐப்பசி மழையில் புடவைகளில் பூஞ்சை பிடித்தது, லென்ஸில் பிடிக்கவில்லை. சோதனை வெற்றி என்று நான் சொன்னேன். அவள் புடவைகளை வெயிலில் காயப்போட்டாள், வெயில் வந்த அன்றைக்கு.

எதிரொலியைக் குறைக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன். அதே ஐப்பசியில் அட்டைகளில் காளான் முளைத்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தைக் குறைக்கப் பழைய சாக்குகளைக் கூரைமேல் விரித்தேன். குரங்குகள் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போட்டன. தோட்டக்காரர் இந்த மலையின் பூர்வீகப் படகர் இனத்தவர், எங்களுக்கு நாற்பது வருடப் பழக்கம். சாக்குகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்து, “சார், இது உங்களுதா?” என்று மரியாதையாகக் கேட்டார். அப்படித்தான் அவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்துக்கு வாடிக்கையாளர் ஆனார்.

முதல் வருடம் எல்லாம் பிரமாதம். இரண்டாவது வருடம் வசனம் மங்க ஆரம்பித்தது. யாரோ கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஈரத்தில் ஸ்பீக்கர் ஊறிவிட்டது என்று முடிவு செய்தேன். கூர்மையான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை இரண்டு புள்ளி ஏற்றினேன், ரெஜிஸ்டரில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஆமாம், வீட்டிலும் ரெஜிஸ்டர் வைத்திருந்தேன். சில மாதம் கழித்து இன்னும் இரண்டு புள்ளி. ஸ்பீக்கர்களை ஹேர் டிரையரால் உலர்த்தினேன். நடு ஸ்பீக்கரை மாற்றினேன். வயரை மாற்றினேன். ட்ரெபிள் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் கடைசிப் புள்ளியில் முட்டி நின்றது. அங்கேதான் சத்தம் சரியாக இருந்தது.

நான் சும்மா உட்கார்ந்து படம் பார்ப்பவனும் அல்ல. நடுநடுவே தெளிவுச் சோதனை செய்வேன். திடீரென்று மனைவி பக்கம் திரும்பி, “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்பேன். அவள் உடனே சொல்வாள். ஒரு வார்த்தை தடுமாற மாட்டாள். ஒரு படத்துக்குப் பத்து முறை கேட்டாலும் பத்துக்கும் பதில் வரும். படம் முடிந்ததும் ரெஜிஸ்டரில் எழுதுவேன்: “வசனத் தெளிவு: திருப்தி.”

சோதனைதான் செய்தேன் என்று நான் மனதார நம்பினேன். இதைப் படிப்பவர்கள் நம்பமாட்டார்கள். நானே இப்போது நம்பவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டக்காரர் குரங்குக் குல்லாவின் மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தால், கிழங்கு ரூமுக்குள் நுழையும் முன் ஸ்வெட்டர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வாள். “இந்தக் குளுருக்கே இப்படியா? சமவெளிக்காரி ஆயிட்ட” என்று கேலி செய்வேன். நான் மட்டும் படம் பார்க்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுவேன். நல்ல சத்தத்துக்குக் காட்டும் மரியாதை அது என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் குக்கரோடும் எனக்குத் தகராறு. மனைவி கொல்லையில் துணி துவைக்கும்போது விசில் எண்ணுவது என் பொறுப்பு. மூன்று விசிலில் பருப்பு கூழாகிவிட்டது. இது ஒரு முறையல்ல, பல முறை நடந்தது. குக்கரின் விசில் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புது விசில் வாங்கிப் போட்டேன். அதிலும் மூன்று விசிலில் கூழ். அதற்குப் பிறகு அவள் துணி துவைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பொங்கல் லீவில்தான் குட்டு உடைந்தது. மகள் வந்திருந்தாள், தோட்டக்காரரும் வந்திருந்தார். மத்தியானம் படம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடைகிற ஒரு சண்டைக் காட்சி. ஒவ்வொரு சில்லும் தனித்தனியாகக் கேட்கிறது பார் என்று நான் கைகாட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மகள் எழுந்து ஜன்னல் கம்பளியை இழுத்து விலக்கினாள். வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் தோட்டக்காரர் நிதானமாக மஃப்ளரை அவிழ்த்து, குல்லாவைத் தூக்கி, வலது காதிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் பஞ்சை எடுத்தார். பிறகு இடது காதிலிருந்து இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் என் மகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

தோட்டக்காரர் பஞ்சை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“என்னுங்க இது?” என்றேன்.

“குளிர் சார்” என்றார் அவர். ரொம்ப நல்ல மனிதர்.

எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை வருடமாக என் சத்தத்தைப் பஞ்சு வைத்துக் கேட்டிருக்கிறார்கள்! மனைவியின் காதைப் பார்த்தேன். மஃப்ளர் கழுத்தில் கிடந்தது. காதில் பஞ்சு இல்லை. “இவ ஒருத்திக்குத்தான் காது இருக்குது! இவளுக்குப் பஞ்சு வேண்டியிருக்குதா பாருங்க!” என்று கத்தினேன். அதோடு நிற்காமல் ரெஜிஸ்டரை எடுத்துவந்து மகள் மடியில் போட்டேன். ஒவ்வொரு மாதமும் சோதித்து, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், எங்கே தப்பு, காட்டு என்றேன்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். ட்ரெபிள் பத்தியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். சைபர், இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து.

“அப்பா, ஸ்பீக்கர் மாத்துனீங்க, வயர் மாத்துனீங்க. எல்லாம் புதுசு. அப்புறமும் ஏறிட்டே போகுதுங்களே” என்றாள். மாதம் தவறாமல் நான் அளந்து எழுதி வைத்திருந்தது ஸ்பீக்கரை அல்ல.

“உடு கண்ணு, காப்பி வெக்கறேன்” என்று மனைவி எழுந்து போனாள்.

நான் பதினைந்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பதினாறாம் நாள் மகள் கோயம்புத்தூரில் காது பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டாள். மனைவியும் நானும் போனோம். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் கேட்டது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தேறமாட்டேன் என்று பயம் வந்தது. சோதிக்கிற பெண் எந்த இடைவெளியில் சத்தம் விடுகிறாள் என்று மனதில் கணக்குப் போட்டு, குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்து, “ஐயா, அடுத்த காதுக்கு நான் இன்னும் ஒண்ணுமே போடலைங்க” என்றாள்.

முப்பத்து மூன்று வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவன் ஒரு சோதனையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட கதை இது. நீங்கள் சிரிக்க வேண்டிய இடமும் இதுதான். ஸ்பீக்கரை அளந்தேன், திரையை அளந்தேன், வயரை அளந்தேன். கேஜை மட்டும் ஒருநாளும் மாஸ்டர் துண்டோடு வைத்துப் பார்க்கவில்லை. அது என் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வயதுதான் காரணம், இடது காது ரொம்பவும் மோசம், வலது கொஞ்சம் பரவாயில்லை, உயர்ந்த சுருதிச் சத்தங்கள் போய்விட்டன என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியது. பர்லியார் பக்கம் வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

“உனக்கும் சத்தம் காதைக் கிழிச்சிருக்கும். நீ ஏன் பஞ்சு வெக்கல?”

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நானும் பஞ்சு வெச்சுட்டா, நீங்க என்ன சொன்னான்னு கேக்கறப்ப யாருங்க பதில் சொல்றது?”

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முன்பெல்லாம் அவள் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். இரண்டு வருடத்துக்கு முன், அந்தப் பக்கம் ஜன்னல் காற்று அடிக்கிறது என்று சொல்லி வலப்பக்கம் மாறினாள். ஜன்னலில் கம்பளி இருக்கிறது, காற்று எங்கே வரும்? நானும் இன்ஸ்பெக்டர்தான். எனக்குத் தோன்றவில்லை. வலப்பக்க ஸ்பீக்கர் அவள் காதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அந்த பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மலைப்பாதை வளைவில் தலைசுற்றுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

காதுக் கருவி வந்தது. கழற்றி வைக்கும்போது பாட்டரியை விலக்கிவிட வேண்டும் என்று கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லாரும் அதை மெசினு என்றே சொன்னார்கள். ட்ரெபிளைச் சைபருக்குக் கொண்டுவந்தேன். ரிமோட்டை மனைவியிடம் கொடுத்தேன். முதல் படமாக, எனக்கு ரொம்பவும் பிடித்த ஒரு படத்தைப் போட்டேன். அதில் ஒரு காட்சி. சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற மகனிடம் அப்பா வாசலில் நின்று ஒரே ஒரு வரி சொல்வார்: “போ சாமி. கதவத் தாழ் போடமாட்டேன்.” அந்த வரிக்காக அந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். என்ன எழுத்து சார், என்ன எழுத்து என்று தோட்டக்காரரிடம் மாய்ந்துபோயிருக்கிறேன். ஆமாம் சார் என்று அவரும் சொல்லியிருக்கிறார், பஞ்சுக்குள்ளிருந்து.

காட்சி வந்தது. இப்போது எனக்கு எல்லாம் கேட்டது. வயலின் கேட்டது. அப்பா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மண் என்றார், மானம் என்றார், பரம்பரை என்றார். மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பிரசங்கம். கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகன் போய்விட்டான்.

நான் மனைவியைப் பார்த்தேன். “தாழ் போடமாட்டேன்னு சொல்லவே இல்லையே?”

“அதத்தானுங்க அவரு சுத்தி வளைச்சுச் சொல்றாரு” என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு படம், அதற்கடுத்த ஞாயிறு மற்றொன்று. எல்லாம் எனக்குப் பிடித்த படங்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வரிகளைக் காணோம். வில்லன்கள் நான் நினைத்ததைவிட வளவளவென்று பேசினார்கள். காதலர்கள் சொன்னதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. படம் துல்லியம், சத்தம் துல்லியம், ஐந்து ஸ்பீக்கரும் அப்பழுக்கில்லை. ஆனால் எனக்குக் கொட்டாவி வந்தது. கூரையிலிருந்து இறங்கி வந்து தலை துவட்டிய காலத்திலிருந்து நான் ரசித்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது.

போன ஞாயிறு படம் ஆரம்பிக்கும் முன், யாரும் பார்க்காதபோது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உலகம் பழையபடி கம்பளிக்குள் போனது. கொஞ்ச நேரம் பொறுத்து, வலப்பக்கம் சாய்ந்து, “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

தோட்டக்காரர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னவென்று எனக்குப் புரியவில்லை. மனைவி கையை நீட்டி என் சட்டைப் பைக்குள் விட்டு மெஷினை எடுத்தாள். அதன் சின்னக் கதவைத் திறந்து பாட்டரியை விலக்கிவிட்டு, திரும்பவும் பையிலேயே வைத்தாள்.

“நீங்க கழட்டுனப்பப் புடிச்சு மெசினு கீச்சுனு கத்திட்டே இருக்குதுங்க” என்றாள் என் வலது காதருகில். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, அவன் என்ன சொன்னான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.